ஆயிரம் பெண்களின் தாய்: மிஸ் எலைசா அக்னியூ

உடுவிலில் படித்த எவருக்கும் மிஸ் அக்னியூவின் பெயர் புதிதல்ல. பாடசாலையின் வரலாற்றை யார் சொல்லத் தொடங்கினாலும் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாருக்கு அடுத்ததாக அந்தப் பெயர் வந்துவிடும். ஆனால் பெயரோடு நின்றுவிடுகிறோம். அவர் எங்கிருந்து வந்தார், ஏன் வந்தார், நாற்பது வருடங்களாக இந்த வளவுக்குள் என்ன செய்தார் என்பவற்றை விரிவாக அறிந்தவர்கள் எங்களுள் குறைவு. சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு வைத்தியத்துறை பற்றி எழுதும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, அதற்குப் பதிலாக இந்த அம்மையாரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். நான் தீவுப் பகுதியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். மிஸ் அக்னியூவின் கதை ஒரு தீவின் பெயரில்தான் தொடங்குகிறது என்பதே என் முதற் காரணம். மற்றக் காரணங்கள் கட்டுரையின் போக்கில் வரும்.

பூகோள பாடத்தில் ஒரு தீவு

எலைசா அக்னியூ 1807ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நியூயோர்க் நகரத்தில் பிறந்தார். எட்டு வயதளவில் வகுப்பில் பூகோள பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் உலகப் படத்தில் இந்தியாவுக்குக் கீழே இருந்த சிறு தீவைக் காட்டி, அது இலங்கை என்றும் அங்குள்ளவர்கள் யார் என்றும் விளக்கினார். பெரியவளானதும் அந்தத் தீவுக்குப் போய்க் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சிறுமி அன்றே தன் மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டாள். பிள்ளைகள் இப்படிப் பல தீர்மானங்கள் எடுப்பார்கள். அடுத்த மாதமே மறந்துவிடுவார்கள். இவள் மறக்கவில்லை.

ஆனால் உடனே புறப்படவும் இல்லை. பெற்றோருக்கு மகளின் துணை தேவைப்பட்டது. அவர்கள் இருக்கும்வரை வீட்டை விட்டுப் போவதில்லை என்று அவர் இருந்துவிட்டார். இருபது வயதும் கடந்தது, முப்பது வயதும் கடந்தது. ஞாயிறு பாடசாலையில் கற்பித்தார்; தம் நகரத்திலேயே வீடு வீடாகப் போய் ஊழியம் செய்தார். பெற்றோர் இருவரும் காலமான பிறகே, 32ஆவது வயதில், தம்மை அனுப்பும்படி அமெரிக்க மிஷன் சங்கத்திடம் கேட்டார். வயதான தாய் தகப்பனைப் பார்ப்பதற்காகப் படிப்பையோ வேலையையோ வெளிநாட்டுப் பயணத்தையோ தள்ளிப்போட்ட பெண்கள் இந்த மலரை வாசிப்பவர்களுள்ளும் இருப்பீர்கள். தள்ளிப்போன ஆசை கெட்டுப்போக வேண்டியதில்லை என்பதற்கு மிஸ் அக்னியூ ஒரு சாட்சி.

அந்தக் காலத்தில் மிஷன் சங்கங்கள் தனியாக இருக்கும் பெண்களை வெளிநாட்டுக்கு அனுப்பப் பெரிதும் தயங்கின. பெண் என்றால் மிஷனரியின் மனைவியாகத்தான் போவாள். அவள் செய்யும் வேலை அவளுடைய கணவனின் வேலைக்குள் அடங்கும். அந்த வழக்கம் மெல்லத் தளரத் தொடங்கிய நேரத்தில் புறப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். 1839இல் பொஸ்ரனில் கப்பலேறினார். சுயெஸ் கால்வாய் வெட்டப்படுவதற்கு முப்பது ஆண்டுகள் இருந்தன. ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் வந்த பாய்க்கப்பல் பயணத்தின் பின் 1840ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அதன் பின் அவர் அமெரிக்காவைப் பார்க்கவே இல்லை.

அவருக்கு முன் உடுவில்

அவர் வந்தபோது நமது பாடசாலைக்கு வயது பதினாறு. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பின்னர் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய இடங்களிலும் நிலையங்களை அமைத்தார்கள். ஊர்ப் பாடசாலைகளுக்குப் பையன்கள் வந்தார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டபோது ஊரார் சிரித்தார்கள். எழுத்து வாசனை கோயிலில் ஆடும் பெண்களுக்கு உரியது, குடும்பப் பெண்ணுக்கு அது ஆகாது என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. படித்த பெண்ணை யார் கட்டுவார் என்ற கேள்வியும் இருந்தது.

அந்தச் சூழ்நிலையில் 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஆசியாவிலேயே பெண்களுக்கென ஏற்பட்ட முதல் விடுதிப் பாடசாலை என்று நாம் பெருமையாகச் சொல்வது இதனைத்தான். தையல் பழக வந்த இரண்டு சிறுமிகள் மாரிமழையில் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டிலேயே இரவு தங்கிச் சாப்பிட்டார்கள் என்றும், அதிலிருந்துதான் விடுதி உருவாயிற்று என்றும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சாதி ஆசாரம் இறுகியிருந்த நாட்களில் வெள்ளைக்காரர் வீட்டில் ஒரு நேரச் சோறு உண்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கினாலும் விளங்குமோ தெரியாது.

பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக மிஷன் பல ஏற்பாடுகளைச் செய்தது. உணவும் உடையும் இலவசம். படிப்பை முடித்துக் கிறிஸ்தவ இளைஞனை மணக்கும் பெண்ணுக்குச் சிறு தொகை சீதனமாகக் கொடுக்கப்பட்டது. பெண் பிள்ளைக்குப் படிப்புக் கொடுப்பதற்கே யாழ்ப்பாணத்துப் பெற்றோரிடம் சீதனத்தைக் காட்டிப் பேசவேண்டியிருந்தது என்பது கசப்பான உண்மை. வின்ஸ்லோ அம்மையார் அதிக காலம் வாழவில்லை. பிள்ளைகளைப் பெற்று, சிலரைப் பறிகொடுத்து, 1833 ஜனவரியில் தமது 36ஆவது வயதில் இறந்தார். அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோ பின்னர் சென்னைக்குச் சென்று 1862இல் பெரிய தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்டார். பாடசாலைப் பொறுப்பை லீவை ஸ்போல்டிங் ஐயரும் மேரி ஸ்போல்டிங் அம்மையாரும் ஏற்றார்கள். அவர்களுக்குத் துணையாக வந்து, பின்னர் பாடசாலையின் தலைமையை ஏற்றவர்தான் மிஸ் அக்னியூ.

நாற்பது வருட வேலை

பாடசாலை தொடங்கப்பட்ட நோக்கத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லலாம். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து வெளியேறும் கிறிஸ்தவ இளைஞருக்கு, அவர்களோடு ஒத்து வாழக்கூடிய, வாசிக்கத் தெரிந்த மனைவிமார் வேண்டும். இல்லையென்றால் படித்த மாப்பிள்ளை படியாத பெண்ணைக் கட்டிப் பழைய வழிக்கே திரும்பிவிடுவான் என்று மிஷனரிமார் பயந்தார்கள். அதாவது எங்கள் பாடசாலை, ஆண்களின் பாடசாலைக்கு ஒரு துணைப்பகுதியாகத்தான் தொடங்கியது.

மிஸ் அக்னியூவின் காலத்தில் அது மாறியது. மாற்றம் அறிவிப்புச் செய்துகொண்டு வரவில்லை, வேலையினூடாக வந்தது. பிள்ளைகள் தமிழில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூகோளம், வேதபாடம் படித்தார்கள். தையலும் சமையலும் வீட்டுவேலையும் பழகினார்கள். படித்து முடித்தவர்களுள் பலர் ஊர்ப் பாடசாலைகளில் ஆசிரியைகளானார்கள். பெண் ஆசிரியை இருக்கிறாள் என்றால் பெண் பிள்ளையை அனுப்பத் தாய்மார் சம்மதித்தார்கள். ஒரு பிள்ளை வந்தால் அடுத்த வளவுப் பிள்ளையும் படலையைத் திறந்துகொண்டு வந்தது. மனைவிமாரை உருவாக்கத் தொடங்கிய இடம் ஆசிரியைமாரை உருவாக்கும் இடமாயிற்று. அதன் தலைமையில் இருந்தவரோ கணவன் துணை இல்லாமல், தம் உழைப்பால், மரியாதையோடு வாழும் ஒரு பெண். பாடப் புத்தகத்தில் இல்லாத அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்த்தார்கள்.

1855 சோதனையான ஆண்டு. மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் அமெரிக்காவிலிருந்து வந்து நிலையங்களைப் பார்வையிட்டார். ஆங்கிலக் கல்வி மிஷனின் வேலையைத் திசை திருப்புகிறது, சுதேச மொழியில் எளிய கல்வியே போதும் என்பது அவருடைய கொள்கை. 1823இல் தொடங்கி ஆசியாவில் புகழ்பெற்றிருந்த வட்டுக்கோட்டைச் செமினரி அந்த வருகையோடு மூடப்பட்டது. உடுவில் பாடசாலையும் சுருக்கப்பட்டது, ஆனால் மூடப்படவில்லை. எந்த ஆண்கள் கல்லூரிக்குத் துணையாகத் தொடங்கப்பட்டதோ அது போய்விட்டது, துணை நின்றுவிட்டது. 1873இல் ஸ்போல்டிங் ஐயரும் அடுத்த வருடம் அம்மையாரும் இறந்தார்கள். மிஸ் அக்னியூ தொடர்ந்தார்.

ஒரே பாடசாலையில் நாற்பது வருடம் இருந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் படித்தவள் தன் மகளைக் கொண்டுவந்து விட்டாள். பின்னர் பேத்தியையும் கொண்டுவந்து விட்டாள். மூன்று தலைமுறையை ஒரே ஆசிரியை கற்பித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். அவர்களுள் அறுநூறுக்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார்கள் என்பது மிஷனின் கணக்கு. ஆயிரம் பெண்களின் தாய் என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

விடுமுறை வந்தால் அவர் ஓய்வெடுக்கவில்லை. கிராமங்களுக்குப் போய்ப் பழைய மாணவிகளைத் தேடினார். யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் வீட்டில் வருத்தம், யாருடைய மாமியார் வாசிக்க விடுகிறாரில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பழைய மாணவிகள் சங்கம் என்று ஒன்று அப்போது இல்லை. அவருடைய நடைதான் சங்கம். இளைப்பாற ஒருமுறை தாய்நாட்டுக்குப் போய்வரலாமே என்று கேட்டவர்களிடம், வேலை அதிகம், அதற்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டாராம். மற்ற மிஷனரிமார் உடல்நலத்துக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் ஊர் போய் வந்தார்கள். இவர் 43 ஆண்டுகளில் ஒருமுறையும் போகவில்லை.

ஒரு வைத்தியரின் பார்வையில்

இந்த வரலாற்றை வாசிக்கும்போது என் தொழிற்புத்தி சும்மா இருப்பதில்லை. நுளம்புக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு தெரியாத காலம். அம்மைக்குத் தடுப்பு இருந்தது. ஆனால் பயந்து பல பெற்றோர் விடவில்லை. வாந்திபேதி அடிக்கடி ஊரை வாரிக்கொண்டு போனது. 1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் அது பெரும் அழிவு செய்தது. அந்த நோயின் கிருமியைத் தேடி றொபேட் கொக் எகிப்துக்குப் புறப்பட்டது 1883இல், மிஸ் அக்னியூ இறந்த அதே ஆண்டில். ஆகவே அவருடைய முழு வேலைக்காலமும் நோயின் காரணத்தைத் திட்டமாக அறியாத காலம். சுண்ணாம்புக் கல் நிலத்தில் மலக்கழிவு எவ்வளவு இலகுவாகக் கிணற்றுக்கு இறங்கும் என்பது இன்று எங்களுக்குத் தெரியும். பல வீட்டுப் பெண் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ், ஒரே கிணற்றுத் தண்ணீரில் வைத்து வளர்ப்பது அன்று எவ்வளவு பெரிய பொறுப்பு! ஒரு பிள்ளை விடுதியில் இறந்தால் பெற்றோர் மற்றப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பக்கத்தில் அவர் இருந்த இரவுகளின் எண்ணிக்கையை யாரும் எழுதி வைக்கவில்லை.

அருகிலுள்ள மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் இருந்தார். மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கியவர். அவரிடம் படித்து வைத்தியர்களான தமிழர் பலர். அத்தனை பேரும் ஆண்கள். ஆண் வைத்தியரிடம் காட்டப் பெண்கள் கூச்சப்பட்டார்கள், வீட்டாரும் விடவில்லை. பிரசவத்தில் சிக்கல் வந்தால் மருத்துவிச்சியின் கைப்பழக்கத்துக்கு மேல் போக்கிடமில்லை. பெண் வைத்தியர் வேண்டும் என்றால் முதலில் படித்த பெண் வேண்டும். படித்த பெண் வேண்டும் என்றால் யாராவது உடுவிலில் நாற்பது வருடம் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியின் முதல் வளையத்தை மிஸ் அக்னியூ தம் கையில் பிடித்திருந்தார்.

அடுத்த வளையம் அவருடைய வீட்டிலேயே இருந்தது. அவருடைய கடைசி ஆண்டுகளில் அவரோடு வாழ்ந்த மேரி, மார்கிரற் லீச் சகோதரிகள் பின்னர் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பணம் திரட்டினார்கள். அதன் பயனாக 1898இல் பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. பெண் வைத்தியர்கள் பெண்களைப் பார்த்தார்கள். தமிழ்ப் பெண்கள் தாதியராகப் பயின்றார்கள். அந்த வேலைக்கென வந்த கனடாப் பெண் வைத்தியர் மேரி ஏர்வின், தமிழரான இரத்தினத்தை மணந்து மேரி இரத்தினம் ஆனார். கொழும்பில் பெண்களின் உடல்நலத்துக்கும் வாக்குரிமைக்கும் உழைத்து, 1930இல் லங்கா மகிளா சமிதியை நிறுவினார். இணுவிலுக்கும் உடுவிலுக்கும் இடையே உள்ள தூரம் சைக்கிளில் சில நிமிடம். பெண் எழுத்துப் படித்ததற்கும் பெண்ணைப் பெண் வைத்தியர் பார்த்ததற்கும் இடையே சென்றது எழுபது வருடத்துக்கு மேல்.

சொல்லாமல் விடக்கூடாதவை

புகழ்ச்சி மட்டும் எழுதினால் அது மலருக்கு அழகு, வரலாறாகாது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். என்னை உடுவிலுக்கு அனுப்பும்போது அப்பாச்சி கேட்ட முதற் கேள்வி, பிள்ளையை வேதத்துக்கு மாற்றிப்போடுவார்களோ என்பதுதான். நான் படித்த காலத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் மிஸ் அக்னியூவின் காலத்தில் அந்தக் கேள்விக்கு நியாயம் இருந்தது. பிள்ளைகளை மதம் மாற்றுவது பாடசாலையின் வெளிப்படையான நோக்கம். அவர் எட்டு வயதில் எடுத்த தீர்மானமும் அதுவே. அதை மறைத்து அவரைப் போற்றினால் அவரே ஏற்றுக்கொள்ளமாட்டார்.

பெயர் விஷயம் எனக்கு அதைவிட உறுத்தலாக இருக்கிறது. ஒரு பிள்ளையின் செலவுக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளர், தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம் என்று தொடக்ககாலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. அதனால் அந்நாளைய இடாப்புகளில் நியூ இங்கிலாந்துப் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. அந்தப் பெயருக்குக் கீழே வீட்டில் பொன்னி என்றோ சின்னாச்சி என்றோ அழைக்கப்பட்ட ஒரு பிள்ளை இருந்தாள். தாய் கூப்பிட்ட பெயர் பல இடங்களில் எங்களுக்குக் கிடைக்காமலே போய்விட்டது. எங்கள் பாட்டிமாரின் பாட்டிமாரைத் தேடும்போது இந்த இழப்பு தெரியும்.

எதிர்வினையும் வந்தது. ஆறுமுக நாவலர் 1822இல் பிறந்து 1879இல் மறைந்தவர். மிஸ் அக்னியூவின் சமகாலத்தவர். அவர் சைவப் பாடசாலைகளையும் அச்சுக்கூடத்தையும் நிறுவி மிஷனோடு போட்டியிட்டார். சைவப் பெண்களுக்கென ஒரு பெரிய விடுதிப் பாடசாலை எழ 1913 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதை மருதனார்மடத்தில், எங்களுக்கு எட்டும் தூரத்திலேயே அமைத்தார். கத்தோலிக்கர் சார்பில் 1862இல் பிரான்சிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். பேராயர் பொன்ஜீன் போன்றோரின் ஊக்கத்தால் கத்தோலிக்கப் பெண் கல்வி வளர்ந்தது. ஊர்காவற்றுறை முதலிய தீவுப்பகுதி ஊர்களின் பிள்ளைகளும் கன்னியரிடம் படித்தார்கள். புரட்டஸ்தாந்தியான மிஸ் அக்னியூ துறவு உடை தரிக்கவில்லை; வாக்குறுதி எதுவும் எடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கன்னியரின் வாழ்க்கைக்கும் அவருடைய வாழ்க்கைக்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை. ஒரு சிறு அறை, ஒரு மணி, காலை மாலைச் செபம், பிறர் பெற்ற பிள்ளைகள்.

சமயங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. இலாபம் பெண் பிள்ளைகளுக்கு. யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலைகள் இவ்வளவு பெருகியதற்கு அந்தப் போட்டியும் ஒரு காரணம். மதத்தை நோக்கித் திறந்த கதவு வழியாகப் பெண்கள் தாங்கள் விரும்பிய பக்கமெல்லாம் போனார்கள். அதைத் திறந்தவர்கள் கூட அப்படி நினைத்திருக்கமாட்டார்கள்.

கடைசி ஆண்டுகள்

1879இல், 72ஆவது வயதில், அவர் பாடசாலைப் பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின் மிஸ் சூசன் ஹவ்லன்ட் பொறுப்பேற்று நீண்ட காலம் நடத்தினார். மிஸ் அக்னியூ மானிப்பாயில் லீச் சகோதரிகளோடு வசித்தார். ஊர் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அப்போதும் இல்லை. நியூயோர்க்கில் அவருக்கென்று காத்திருக்க யாரும் இல்லை. இங்கேயோ ஆயிரம் வீடுகள் இருந்தன.

பாரிசவாதம் தாக்கியது. இன்றைய மருந்துகளோ உடற்பயிற்சிச் சிகிச்சையோ இல்லாத காலத்தில் அந்த நோயாளிக்குக் கிடைத்த ஒரே சிகிச்சை மனிதக் கைகள்தான். அது அவருக்குக் குறைவின்றிக் கிடைத்தது. அவர் படுக்கையில் கிடந்த வீட்டின் அறைகள் எல்லாம் பழைய மாணவிகளால் நிறைந்தன. நரைத்த தலையோடு வந்த பெண்கள், பேரப்பிள்ளை உள்ளவர்கள், முறை வைத்து அருகிலிருந்து பார்த்தார்கள். தாங்கள் சிறுபிள்ளைகளாய்க் காய்ச்சலில் கிடந்தபோது தங்கள் பக்கத்தில் இருந்தவருக்கு அவர்கள் கடனைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இறுதி நேரத்தில் செபம் செய்ய வந்த மிஷனரி, எதற்காகச் செபிக்க வேண்டும் என்று அவரைக் கேட்டார். தமக்காக அவர் எதுவும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காகச் செபிக்கும்படி சொன்னார். 1883 ஜூன் மாதத்தில் உயிர் பிரிந்தது. வயது 76.

தீவுகளும் நாங்களும்

நான் பிறந்தது புங்குடுதீவு. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பத்து வயதளவு. உடுவில் விடுதி எனக்குப் பாடசாலையாக மட்டுமன்றி வீடாகவும் இருந்தது. 1995இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது அந்த வீட்டையும் விட்டு நடந்தோம். அந்த நாட்களில் எங்களோடு நடந்த, எங்களுக்குச் சோறு தேடித்தந்த, பாடப் புத்தகத்தைக் கைவிட வேண்டாமென்று சொன்ன ஆசிரியைமாரைப் பற்றி மற்றச் சகோதரிகள் இந்த மலரில் எழுதியிருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களும் மிஸ் அக்னியூவின் பரம்பரைதான்.

இப்போது வைத்தியராகச் சிகிச்சை முகாம்களுக்காகத் தீவுகளுக்குப் போய்வருகிறேன். குறிகட்டுவானில் படகேறினால் நயினாதீவு சில நிமிடத்தில் வந்துவிடும்; நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். காற்றுக் காலத்தில் படகு ஓடாத நாட்களும் உண்டு. நெடுந்தீவில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் வந்து தங்க வேண்டியிருக்கிறது. தங்குவதற்கு இனத்தவர் வீடு இருந்தால் பிள்ளை வரும். இல்லாவிட்டால் படிப்பு அதோடு நின்றுவிடும். பெண் பிள்ளையென்றால் இன்னும் விரைவாக நின்றுவிடும். முகாமில் நான் பார்த்த ஒரு பிள்ளை தன் தாயின் இரத்த அழுத்த அளவுகளைத் திகதிவாரியாகக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். வைத்தியப் பட்டப்படிப்பு மாணவருள்ளும் அவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெடுப்பவர் குறைவு. சாதாரணதரம் முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய் கடலைப் பார்த்தாள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் கொழும்பிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே, நாங்கள் பாடசாலைக்குச் செய்தவை கொஞ்சமல்ல. கட்டடம் எழுப்பினோம், கூரை போட்டோம், கணினி வாங்கினோம். அவை வேண்டியவைதான். ஆனால் நமது பாடசாலை கட்டடத்தில் தொடங்கவில்லை. வீட்டுக்குப் போக முடியாத இரண்டு பிள்ளைகளுக்கு இரவில் படுக்க இடம் கொடுத்ததில் தொடங்கியது. இந்த நூற்றாண்டு நினைவாக, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுப் பிள்ளைகள் சிலரை உயர்தரம் முடியும்வரை விடுதியில் தங்கவைத்துப் படிப்பிக்கும் ஒரு திட்டத்தைச் சங்கம் எடுத்து நடத்தலாம் என்பது என் தாழ்மையான விண்ணப்பம். எந்தச் சமயமென்று பார்க்க வேண்டாம். வீட்டில் கூப்பிடும் பெயரிலேயே பிள்ளை வரட்டும். பணத்தைவிட முக்கியமாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் பழைய மாணவி ஒருவர் பொறுப்பாக இருந்து, மாதம் ஒருமுறையாவது பேசி, புள்ளி குறைந்தால் காரணம் கேட்டு, வருத்தமென்றால் விசாரித்து, படிப்பு முடியும்வரை கைவிடாமல் இருக்க வேண்டும். இந்த வேலையைச் சிலர் செய்வதாக ஒப்புக்கொண்டால், முதற் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.